ஒளியிலிருந்து எழுத்துக்கு

1874ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஓவியர் சிலர் தனியே ஒரு கண்காட்சி நடத்தினர். அதில் மோனே வைத்திருந்த உதயகாலச் சித்திரத்தின் பெயரைக் கொண்டே ஒரு விமரிசகர் அவர்களை எள்ளினார். அந்த ஏளனமே ‘இம்ப்ரஷனிசம்’ என்ற பெயராய் நிலைத்தது. பொருளை வரம்பிட்டு வரையாமல், அதன்மீது படியும் ஒளியின் கணநேரத் தோற்றத்தைத் தீட்டுவது அந்நெறி.

அதன் சாயலை நம் தென்னகத்தில் கே. சி. எஸ். பணிக்கரின் தொடக்க கால ஓவியங்களில் காணலாம். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், அரபுக் கல்வியால் நம்மவர் நன்கறிந்த பொன்னானி வட்டாரத்தில் இளமையில் பயின்றார். குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுப் பதினெட்டு வயதில் கல்லூரியை விட்டுத் தந்தி இலாகாவில் ஊழியம் ஏற்றார். ஆயினும் தூரிகையைக் கைவிட்டாரில்லை. 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்து, தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் கற்றார். நீரும் தென்னையும் வெயிலும் கலந்த நீர்வண்ணச் சித்திரங்கள் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. 1954இல் இலண்டனிலும் பாரிஸிலும் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன. 1957இல் தாம் பயின்ற பள்ளிக்கே அவர் முதல்வரானார்.

புகழ் தந்த பாணியிலேயே அவர் காலங்கழித்திருக்கலாம். ஆனால் மேனாட்டார் வகுத்த நெறியில் நம் மண்ணைத் தீட்டுவது மட்டும் போதுமா என்ற வினா எழுந்தது. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அதற்கு விடையாயிற்று. மலையாள எழுத்துப் போன்ற வரிகளும், சாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும் திரையை நிறைத்தன. கூஃபி, நஸ்க் எழுத்துகளின் எழிலை அறிந்த நமக்கு எழுத்து ஓவியமாவது புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாடுண்டு. அங்கே அழகு பொருளைச் சுமக்கின்றது. பணிக்கரோ பொருளை அகற்றி வடிவை மட்டும் நிறுத்தினார்.

ஓவியம் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அக்கேள்வியை அவரும் புறக்கணிக்கவில்லை. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கிராமம் ஒன்றை நிறுவினார். கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அவ்வருவாயில் வாழ்ந்துகொண்டு தம் கலையை வளர்த்தனர். அதன் பெயர் சோழமண்டலம். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மீன்சுருட்டியில் வாழும் நமக்கு அப்பெயரின் பழமையை விளக்க வேண்டியதில்லை.

1977இல் பணிக்கர் மறைந்தார். அக்கிராமம் இன்றும் நிலைத்திருக்கின்றது. கைத்தொழிலின் வருவாய் இருந்தமையால், அங்கிருந்தோர் வாங்குவோரின் விருப்பத்துக்குத் தம் தூரிகையை வளைக்க வேண்டியிராதுபோயிற்று.