சங்கர் நகர் மைதானம்

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துப் பகுதியில், சிமெண்ட் ஆலையை ஒட்டியுள்ள கிரிக்கெட் மைதானம். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் தொடரிலேயே இங்கு ஆட்டங்கள் நடந்தன. லீக் சுற்றில் 8 அணிகளும் தலா 7 ஆட்டம் ஆடும். வெற்றிக்கு 2 புள்ளி, புள்ளிகள் சமமானால் நிகர ரன் விகிதம். முதல் நான்கு இடம் பிடிப்பவை மேலே போகும். அதன்பின் பட்டியலை நம்பிப் பயனில்லை. 2023-இல் மூன்றாவதாக வந்த நெல்லை ராயல் கிங்ஸ், ஜூலை 10 அன்று திண்டுக்கல்லின் 185 ரன்னைத் துரத்தியது. கடைசி 12 பந்தில் 37 தேவை. ஆட்டம் கைவிட்டுப் போனதென்றே தோன்றும். 19-ஆவது ஓவரில் மட்டும் ஈஸ்வரனும் அஜிதேஷும் 33 ரன் விளாசினர். இரண்டு நாள் கழித்து இதே மைதானத்தில் இறுதியாட்டம். சொந்த மண் கைகொடுக்கவில்லை: கோவையின் 205-க்கு எதிராக நெல்லை 101-இல் சுருண்டது.