ஹைதராபாத்தில் தோற்றவர்

2002 அக்டோபரில் ஹைதராபாத்தில் நடந்த ஃபிடே உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டியின் இறுதிச்சுற்றில் விஸ்வநாதன் ஆனந்திடம் தோற்றவர் உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ். அடுத்த பத்தாண்டுகளில் அவர் ஒரு முறை உலகப் பட்டம் வென்றார். அதன்பின் ஆனந்தின் அணியிலேயே சேர்ந்து, ஆனந்த் மூன்று முறை பட்டத்தைக் காத்துக்கொள்ள உழைத்தார். பட்டம் வென்றது புள்ளிவிவர நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஆனந்துக்காக உழைத்ததுதான் சதுரங்க வரலாற்றில் அவருக்குரிய இடம்.

காசிம்ஜானோவ் 1979 டிசம்பர் 5 அன்று தாஷ்கண்டில் பிறந்தார். மத்திய ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான கியோர்கி அக்சாமோவைத் தந்த நாடு உஸ்பெகிஸ்தான். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது காசிம்ஜானோவுக்கு வயது 12. சோவியத் பள்ளியின் ஒழுங்கில் ஆட்டத்தைக் கற்றாலும், தன் வழியைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்த தலைமுறை அவருடையது. 1998-இல் ஆசியப் பட்டம் வென்றார். 1999 உலக ஜூனியர் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தார்.

ஹைதராபாத் போட்டி நடந்த ராமோஜி ஃபிலிம் சிட்டி, நகருக்கு வெளியே விஜயவாடா சாலையில் இருக்கிறது. இறுதிச்சுற்றில் ஆனந்த் ஒன்றரைக்கு அரை என்ற கணக்கில் வென்றார். 2000-இல் சீனாவின் ஷென்யாங்கில் வென்ற கோப்பையைச் சொந்த நாட்டில் அவர் தக்கவைத்துக்கொண்டதால் இந்தியப் பத்திரிகைகள் அதையே எழுதின. எதிரே அமர்ந்திருந்த 22 வயது இளைஞர் அதிகம் பேசப்படவில்லை.

2004 கோடையில் லிபியாவின் திரிபோலியில் 128 பேர் மோதிய உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. தரவரிசையில் 28-ஆவதாக இருந்த காசிம்ஜானோவ், இவான்சுக், டோபலோவ், கிரிஷ்சுக் என்று பெரிய பெயர்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினார். மைக்கேல் ஆடம்ஸுடனான இறுதிச்சுற்று 3-3 எனச் சமமாகி, விரைவு ஆட்டங்களில் அவர் பக்கம் சாய்ந்தது. காஸ்பரோவ், கிராம்னிக், ஆனந்த் மூவரும் அங்கே ஆடவில்லை என்பதைக் காட்டி அந்தப் பட்டத்தைக் குறைத்துப் பேசினார்கள். அது நியாயமில்லை. வராதவர்களை வெல்வதற்கு எந்த ஆட்டக்காரருக்கும் வழியில்லை. வந்தவர்களில் வலிமையானவர்களை அவர் வென்றார்.

பட்டம் வென்றவர் காஸ்பரோவுடன் மோத வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. துபாயில் நடப்பதாக இருந்த அந்த ஆட்டம் கைவிடப்பட்டது. 2005 மார்ச்சில் காஸ்பரோவ் போட்டிச் சதுரங்கத்திலிருந்தே விலகிவிட்டார். காசிம்ஜானோவின் வாழ்வில் மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடிய வாய்ப்பு இப்படிக் கைநழுவியது. அதே ஆண்டில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸில் எட்டுப் பேர் ஆடிய உலகச் சாம்பியன் போட்டியில் அவர் கடைசி இடங்களுக்கு அருகே முடித்தார். ஆனால் அங்கே ஆனந்தை ஒரு ஆட்டத்தில் வீழ்த்தினார்.

2008-இல் பான் நகரில் உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக்கை எதிர்கொள்ளத் தயாரான ஆனந்த், தன் அணியில் பீட்டர் ஹைனே நீல்சன், ரடோஸ்லாவ் வோய்டாஷெக், சூர்யசேகர் கங்குலி ஆகியோருடன் காசிம்ஜானோவையும் சேர்த்துக்கொண்டார். சதுரங்க உலகில் இவர்களை ‘செகண்ட்’ என்பார்கள். எதிராளி ஆடக்கூடிய ஒவ்வொரு ஓபனிங்கையும் மாதக்கணக்கில் அலசுவதும், கணினி சொல்வதை மனித மூளையால் சோதிப்பதும் இவர்கள் வேலை. போட்டி நாட்களில் ஆட்டக்காரர் தூங்கும் நேரத்தில் இவர்கள் விழித்திருந்து, மறுநாளுக்கான வழிகளைத் தயார்செய்து வைப்பார்கள். கண்டுபிடிப்பு யாருடையது என்பது பெரும்பாலும் வெளியே வராது. பலகையில் அதை ஆடுபவரின் பெயரே அதற்கு நிற்கும்.

பானில் அந்த அணி இரண்டு ஆச்சரியங்களைக் கொண்டுவந்தது. வாழ்நாள் முழுவதும் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தியே ஆட்டத்தைத் தொடங்கிப் பழகிய ஆனந்த், அங்கே ராணியின் சிப்பாயை முன்னே அனுப்பினார். மற்றொன்று கறுப்புக் காய்களில் வந்தது. செமி-ஸ்லாவ் தற்காப்பில் மெரான் என்றொரு கிளை உண்டு. 1924-இல் இத்தாலியின் மெரானோவில் ஆடப்பட்ட ஆட்டத்தால் வந்த பெயர். மூன்றாம் ஆட்டத்தின் 14-ஆம் நகர்வில் ஆனந்த் தன் பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்து, பி5 சிப்பாயை எதிராளி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். கறுப்பு ராஜா நடுவிலேயே நிற்கிறது, சிப்பாய் வரிசையும் உடைந்திருக்கிறது. பார்ப்பதற்கு ஆபத்தான நிலை. ஆனால் ஜி-வரிசை திறந்திருப்பதால் யானை அங்கே வந்ததும் வெள்ளை ராஜாவின் கோட்டை நேரே தாக்குதலுக்கு உள்ளாகிறது. கிராம்னிக் நேர நெருக்கடியில் சிக்கித் தோற்றார்.

ஐந்தாம் ஆட்டத்தில் கிராம்னிக் அதே கிளைக்குள் மறுபடி வந்தார். ஆனந்தின் அணி அதற்கும் தயாராக இருந்தது. இம்முறை யானை முன்பைவிடச் சீக்கிரமாகவே ஜி8-க்குப் போனது. கிராம்னிக்கின் பிழைக்குப் பிறகு ஆனந்தின் குதிரை இ3 கட்டத்தில் குதித்தது. அதை வெட்டினால் கறுப்புச் சிப்பாய் அந்தக் கட்டத்தைப் பிடித்து, ராணியாக மாற ஓடும், தடுக்க ஆளில்லை. கறுப்பில் கிடைத்த இந்த இரு வெற்றிகளே போட்டியின் போக்கைத் தீர்மானித்தன. ஆனந்த் ஆறரைக்கு நாலரை என்று வென்றார். உலகப் பட்டப் போட்டி ஒன்றில் ஓபனிங் தயாரிப்பு இவ்வளவு கண்கூடாகப் பலன் தந்தது அபூர்வம்.

2010-இல் சோஃபியாவில் டோபலோவுடன் ஆடியபோதும் அதே அணிதான். எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து சாலை வழியே சோஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்றாலும், இரண்டாவதையும் நான்காவதையும் காட்டலான் ஓபனிங்கில் வென்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தைக் கறுப்பில் வென்று பட்டத்தைக் காத்தார். அந்த ஆண்டின் இறுதியில் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் தனிநபர் பிரிவின் தங்கத்தை காசிம்ஜானோவ் வென்றார். பயிற்சியாளர் வேலை அவருடைய ஆட்டத்தை மழுங்கடிக்கவில்லை என்பதற்கு அது சான்று. 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் நடந்த கடினமான போட்டியிலும் ஆனந்துக்கு அவர் துணை நின்றார். ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த 2013 சென்னைப் போட்டியில் அவர் அணியில் இல்லை.

அதன்பின் அவர் ஃபாபியானோ கருவானாவின் பயிற்சியாளரானார். 2018-இல் பெர்லினில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்ற கருவானா, அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனைச் சந்தித்தார். கார்ல்சனின் பக்கம் இருந்தவர் ஆனந்தின் முன்னாள் அணித் தோழர் நீல்சன். ஒரே அறையில் இரவுகளைக் கழித்த இருவர் இப்போது எதிரெதிர் முகாம்களில். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, செயின்ட் லூயிஸ் சதுரங்கக் கழகம் வெளியிட்ட விளம்பரக் காணொளியில் கருவானா முகாமின் கணினித் திரை தெரிந்துவிட்டது. ஆராயப்பட்ட ஓபனிங்குகளின் பெயர்களை உலகமே படித்தது. காணொளி நீக்கப்பட்டாலும் தெரிந்தது தெரிந்ததுதான்.

சிசிலியன் தற்காப்பில் முதல் பாதியில் ரொசோலிமோ வழியை ஆடிய கருவானா, பிற்பாதியில் ஸ்வெஷ்னிகோவ் கிளையில் ஏழாம் நகர்விலேயே குதிரையை டி5-க்கு அனுப்பும் வழிக்கு மாறினார். வெகுகாலமாக இரண்டாம் தரமாகக் கருதப்பட்ட அந்த நகர்வுக்கு லண்டன் ஆட்டங்கள் புதிய மதிப்பைத் தந்தன. பன்னிரண்டு ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. விரைவு ஆட்டங்களில் கார்ல்சன் 3-0 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.