ஜியோர் நகரின் பதின்மூன்றாம் இலக்கம்

புடாபெஸ்ற் மாநகருக்கும் வியன்னாவுக்கும் இடையே, ஆறுகள் பல வந்து கூடும் இடத்திலே அமைந்துள்ளது ஜியோர் என்னும் ஹங்கேரிய நகரம். புகைவண்டிப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையினால் ஒரு காலத்திற் பெயர் பெற்றிருந்த இந்நகரம், பின்னாளில் ஐரோப்பா எங்கும் அறியப்பட்டது மகளிர் கைப்பந்தாட்டத்தினாலேயாகும். அப்புகழிற் பெரும் பங்கு ஒரு பெண்மணிக்கு உரியது. அவர் பெயர் அனிற்றா கேர்பிற்ஸ்.

கைப்பந்தாட்டம் என்றதும் கரப்பந்தாட்டத்தை நேயர்கள் எண்ணிவிடலாகாது. இது நாற்பது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் உள்ள களத்திலே, பக்கத்துக்கு எழுவராக நின்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். பந்தை ஏந்தியவர் மூன்று அடிக்கு மேல் நடத்தல் கூடாது. மூன்று விநாடிக்கு மேற் கையில் வைத்திருத்தலும் கூடாது. ஆகவே களத்தின் நடுவே நின்று, யாருக்கு, எப்பொழுது, எப்பக்கமாகப் பந்தை அனுப்புவது என்று நொடிப்பொழுதிலே முடிவு செய்பவரே அணியின் மூளை எனலாம். ஹங்கேரியர் அவரை வழிநடத்துபவர் என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். அனிற்றாவின் இடம் அதுவே.

ஹங்கேரியருக்கு இவ்வாட்டம் புதிதன்று. 1965இல் மேற்கு ஜேர்மனியில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்திலே யூகோஸ்லாவியாவை 5-3 என்ற கணக்கில் வென்று அந்நாட்டு மகளிர் உலக வெற்றியாளராயினர். மகளிர் கைப்பந்தாட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்ட 1976இல் மூன்றாம் இடமும், 2000இல் சிட்னியிலே இரண்டாம் இடமும் பெற்றனர். இத்தகைய மரபு இளைய தலைமுறைக்குப் பெருமை மட்டுமன்று, சுமையுமாகும்.

1983 மே 13ஆம் நாள் வெஸ்பிரேம் நகரிற் பிறந்த அனிற்றா, பதின்ம வயதிலேயே ஜியோர் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். பதின்மூன்றாம் இலக்கச் சட்டையை அணிந்தார். கூடுதற் பணத்தையும் புகழையும் நாடி நாடுவிட்டு நாடு செல்வது வழக்கமாகிவிட்ட விளையாட்டுலகிலே, அவர் இறுதிவரை வேறெந்தக் கழகத்துக்கும் ஆடியதில்லை.

2003 டிசெம்பரில், சாகிரெப் நகரிலே, உலகப் போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி பிரான்சு. இரண்டாம் பாதியிலே ஹங்கேரி பல கோல்கள் முந்தி நின்றது. வெற்றி கைக்கெட்டிவிட்டது என்றே பார்த்தோர் கருதினர். ஆயினும் பிரெஞ்சுப் பெண்கள் ஒன்று ஒன்றாகக் கடனைத் தீர்த்து, ஆட்டம் முடியும் தறுவாயிற் சமநிலை கண்டனர். மேலதிக நேரத்தில் 32-29 என்று ஹங்கேரி தோற்றது. அப்பொழுது அனிற்றாவுக்கு வயது இருபது. அன்று தவறிய உலக வெற்றி பின்னர் அவருக்குக் கிட்டவேயில்லை.

அவ்வணியிலே இன்னோர் அனிற்றாவும் இருந்தார். அனிற்றா குல்ச்சார் என்பது பெயர். 2005 ஜனவரியில், இருபத்தெட்டு வயதிலே, அவர் வீதி விபத்தொன்றில் இறந்துபோனார். 2004ஆம் ஆண்டின் உலகின் தலைசிறந்த வீராங்கனை என்னும் பட்டம் அவருக்குரியது. அடுத்த ஆண்டின் பட்டமோ அனிற்றா கேர்பிற்ஸைச் சேர்ந்தது. அவ்வாண்டு உலகப் போட்டியில் ஹங்கேரி மூன்றாம் இடம் பெற்றது. மகிழ்ச்சியும் துயரும் இவ்வளவு நெருங்கி நின்ற காலம் அந்நாட்டுக் கைப்பந்தாட்டத்திலே வேறில்லை எனலாம்.

கழக ஆட்டங்களிலும் காத்திருப்பே முதலில் விதியாயிற்று. ஐரோப்பியச் சாம்பியன் கழகங்களின் போட்டியிலே 2009இல் ஜியோர் இறுதிவரை சென்று டென்மார்க்கின் வீபோர்க் கழகத்திடம் தோற்றது. 2012இல் நேர்ந்தது அதனினும் கொடிது. மொந்தெனேகிரோ நாட்டின் புதுச்னொஸ்ற் கழகத்துடன் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் இரு பக்கமும் கூட்டித் தலைக்கு ஐம்பத்துநான்கு கோல்கள். எதிரியின் ஊரிற் போட்ட கோல்கள் எவருக்கு அதிகமோ அவரே வென்றவர் என்னும் விதியினால் கிண்ணம் கைநழுவியது. தோல்வி என்று சொல்லவும் மனம் ஒப்பாத தோல்வி அது.

மறு ஆண்டு, 2013 மே மாதத்திலே, நோர்வேயின் லார்விக் கழகத்தை அதன் சொந்த ஊரிலே 24-21 என வென்றபின், இரண்டாவது ஆட்டம் ஹங்கேரியில் நடந்தது. பெருங்கூட்டம் கொள்ளும் மண்டபம் வேண்டியிருந்தமையால், அது ஜியோரிலன்றி வெஸ்பிரேமில் நடந்தது. 23-23 என்ற சமநிலையே போதுமாயிற்று. முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த வேளையிலே, தாம் பிறந்த ஊரிலேயே, அனிற்றா அக்கிண்ணத்தை முதன்முறையாகக் கையில் ஏந்தினார்.

அடுத்த ஆண்டும் வெற்றி. அதுவும் முன்னர் தம்மைத் துயருறுத்திய அதே புதுச்னொஸ்ற் கழகத்துக்கு எதிராக, 27-21 என்ற கணக்கில். 2015இல் அவர் தாயானார். இனி ஓய்வுதான் என்று எண்ணியவர் இருந்திருப்பர். அவரோ களத்துக்குத் திரும்பினார். 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜியோர் வென்றபோது அணியில் இருந்தார். அவற்றுள் முதலிரண்டும் மேலதிக நேரத்தில் ஒரேயொரு கோலினாற் கிட்டியவை; மூன்றாவதும் ஒரு கோல் வித்தியாசமே.

2021இல் புடாபெஸ்ற் நகரிலே, அரையிறுதியிற் பிரான்சின் பிறெஸ்ற் கழகத்திடம் ஜியோர் தண்ட எறிகளில் வீழ்ந்தது. அந்தப் பருவத்துடன் அனிற்றா விளையாட்டிலிருந்து விலகினார். அதே ஆண்டு, பதின்ம வயதில் வந்து சேர்ந்த அக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார்.