அட்டையின் உமிழ்நீரும் அதன் கூர்ப்பு வரலாறும்

உயிரினங்களின் உறுப்புகளும் சுரப்புகளும் மனிதனின் பயன் கருதி அமைந்தவை என்னும் எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றியிருந்த ஒன்றாகும். அட்டையின் உமிழ்நீர் பற்றிய ஆய்வு இவ்வெண்ணத்தை மறுப்பதற்குத் தக்க சான்றுகளைத் தருகின்றது. குருதி உறைதலைத் தடுக்கும் அதன் சேர்வைகள் மனிதனுக்காகத் தோன்றியவை அல்ல. அவற்றுட் சிலவற்றின் மூலம் குருதியுண்ணும் வழக்கத்திற்கும் முற்பட்டதாகும்.

அட்டை விடுதல் பழைமையான சிகிச்சை முறையாகும். சுசுருத சங்கிதை அட்டைகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, ஆறு நச்சுடையவை, ஆறு சிகிச்சைக்கு உகந்தவை எனக் கூறுகின்றது. ஐரோப்பாவில் இம்முறை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உச்சநிலை எய்திற்று. அழற்சியே நோய்களின் மூலமெனக் கொண்ட பிரெஞ்சு மருத்துவர் புரூசேயின் கோட்பாடு இதற்குத் துணைநின்றது. 1833இல் மட்டும் பிரான்சு 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. அட்டை பெருவணிகப் பண்டமாயிற்று. மேற்கு ஐரோப்பியச் சதுப்பு நிலங்கள் பலவற்றில் அது அருகிப்போயிற்று. எனினும் அதன் உமிழ்நீர் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை.

வணிகம் தளர்ந்த பின்னரே இரசாயன அறிவு தோன்றியது. 1884இல் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் யோன் ஹேக்ராப்ற், மருத்துவ அட்டையின் சுரப்பு குருதி உறைதலைத் தடுக்கின்றது என நிறுவினார். 1904இல் யாக்கோபி அதற்கு ‘ஹிருடின்’ எனப் பெயரிட்டார். 1913இல் அமெரிக்காவில் ஏபெல் குழுவினர் நாய்களின் குருதியைச் சவ்வுக் குழாய்களூடாகச் செலுத்தித் தூய்மையாக்க முயன்றபோதும், 1924இல் ஜேர்மனியில் கேயோர்க் ஹாஸ் அதனை முதன்முதலாக மனிதரிற் செய்தபோதும், குருதி உறையாதிருக்க உதவியது ஹிருடினே. 1950களில் கிழக்கு ஜேர்மனியரான மார்க்வார்ட் அதனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்து, திரொம்பின் என்னும் நொதியத்தைத் தடுக்கும் புரதம் அதுவென விளக்கினார்.

இச்சேர்வை அட்டைக்கு ஏன் வேண்டியதாயிற்று? அட்டை தன் நிறையின் பன்மடங்கு குருதியை ஒரே வேளையிற் குடித்து, மாதக்கணக்கிற் தீனிப்பையிற் சேமிக்கின்றது. காயத்திலும் உணவுப் பாதையிலும் குருதி உறையுமாயின் அவ்வுயிர் வாழ்தல் அரிது.

இவ்விடத்திற் கடல்வாழ் அட்டைகள் சிறப்பாக நோக்கத்தக்கவை. நம் மீனவர் பிடித்து உலர்த்தும் ‘கடலட்டை’ முட்தோலி வகையைச் சேர்ந்தது. அது குருதி குடிப்பதில்லை. இங்கு கருதப்படுவன, சுறாவிலும் திருக்கையிலும் ஒட்டிவாழும் பொன்ரொப்தெல்லா, கடலாமையில் வாழும் ஓசோபிராங்கஸ் போன்ற உண்மையான அட்டைகளாகும். மருத்துவ அட்டை மூன்று தாடைகளால் தோலை அறுக்கின்றது; இவையோ தாடையின்றி, நீளும் குழலொன்றைச் செலுத்திக் குருதியை உறிஞ்சுகின்றன. உண்ணும் முறையும் வாழிடமும் இவ்வாறு வேறுபடினும், நன்னீர் அட்டைகளில் அறியப்பட்ட உறைதல் தடுப்புப் புரதங்களுக்கு உறவானவை பொன்ரொப்தெல்லாவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் காணப்பட்டுள்ளன. இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதை குருதியுண்ணியாக இருந்தது என்னும் கருத்து இதனால் வலுப்பெறுகின்றது.

அம்மூதாதை இப்புரதங்களை எங்கிருந்து பெற்றது என்பதே அடுத்த வினா. 1980களில் மெக்சிக்கோ அட்டையொன்றிற் கண்டறியப்பட்ட அன்ரிஸ்ராசின், பத்தாம் உறைகாரணியைத் தடுப்பது. 1992இல் இதனையொத்த புரதம் ஐதராவிலும் அறியப்பட்டது. ஐதராவுக்குக் குருதியே இல்லை! உறைந்த குருதியைக் கரைக்கும் டெஸ்டபிலேஸ் என்னும் நொதியமோ, முள்ளந்தண்டிலிகள் பற்றீரியாக்களை அழிக்கப் பயன்படுத்தும் லைசோசைம் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, தற்காப்புக்கும் பிற உடற்றொழில்களுக்கும் பயன்பட்ட பழைய புரதங்களே இயற்கைத் தேர்வினாற் புதிய தொழிலுக்குத் திருப்பப்பட்டன எனலாம். குருதியை விட்டு நத்தை முதலியவற்றை உண்ணத் தலைப்பட்ட சில அட்டைகளில் உறைதல் தடுப்புக்குரிய பரம்பரையலகுகள் இன்றும் எஞ்சியிருப்பது, இவ்வரலாற்றின் மற்றொரு தடயமாகும்.

ஹிருடினின் பரம்பரையலகை மதுவத்திற் புகுத்தி ஆக்கிய லெபிருடின் 1997இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, 2012இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. ஹிருடினை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கையாகத் தொகுக்கப்பட்ட பிவலிருடின் இதய நோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகின்றது. கோடிக்கணக்கான அட்டைகளைச் சதுப்பிலிருந்து அள்ளிய காலம் தராத பயனை, ஒரு மூலக்கூறின் அமைப்பை அறிந்த காலம் தந்தது. ஆதலின் கவனிப்பாரற்ற கடல்வாழ் அட்டையும் ஆய்வுக்குரியதே. அது வாழும் சுறாவும் ஆமையும் அழியுமாயின், அந்நெடிய வரலாற்றின் ஏடுகளும் உடனழியும்.