ஏ.சி. கேட்காத கான்கிரீட்

கான்கிரீட் வீடு என்றாலே வெக்கை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். எங்கள் உழவர்கரைப் பக்கம் புதிதாக எழும் வீடுகளைப் பாருங்கள். பக்கத்து மனையை ஒட்டிய சுவர், மூடிய கண்ணாடி ஜன்னல், வெளியே ஒரு ஏ.சி. பெட்டி! ஆனால் குற்றம் கான்கிரீட்டின் மேல் இல்லை. அதற்குச் சாட்சி நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அதுதான் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், ஆசிரமவாசிகள் தங்குவதற்காக அன்னை எடுத்த முயற்சி இது. ஐதராபாத் அரசில் இருந்த சர் அக்பர் ஹைதரி மூலமாக நிஜாம் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அதனால்தான் கோல்கொண்டாவின் பெயர் இங்கே வந்தது.

வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். செக் மண்ணில் பிறந்து, ஜப்பானில் தொழில் செய்த அமெரிக்கர். அவரிடம் பணியாற்றிய ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார்கள். 1937ல் கட்டத் தொடங்கி, 1940களில் முடித்தார்கள். லெ கொர்புசியே சண்டிகரில் கால் வைப்பதற்கு முன்பே நம் ஊரில் நவீனக் கட்டிடம் எழுந்துவிட்டது!

இதில் என்ன விசேஷம்? கட்டிடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. எனவே காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் விழும். சுவருக்கும் கண்ணாடிக்கும் பதிலாக, அந்த நீண்ட பக்கங்கள் முழுவதும் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலையும் மழையையும் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடலாம். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை. மூடினாலும் காற்று நுழையும். கூரை இரண்டு அடுக்கு. மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் வெயிலை வாங்கிக்கொள்ள, நடுவில் உள்ள காற்றுவெளி சூட்டைக் கீழே இறங்க விடுவதில்லை.

வணிகவியல் மாணவனாக எனக்கு இதில் ஒரு கணக்குப் பாடம் தெரிகிறது. திசை, நிழல், கூரை ஆகியவற்றுக்குச் செய்வது ஒருமுறை செய்யும் முதலினச் செலவு. அதை மிச்சம் பிடித்தால், மின்கட்டணம் என்ற வருவாயினச் செலவாக மாதாமாதம் திரும்பி வரும். வீடு கட்டப்போகும் நண்பர்களே, எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.