மறுபடியும் சைக்கிளா? மிதிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பல வருஷம் கழிச்சு சைக்கிள் எடுக்குறீங்களா? பேலன்ஸ் மறக்காது. ஆனா, வண்டியும் உடம்பும் பழைய மாதிரி இருக்காது.

சும்மா நின்னாலே டியூப்ல காத்து இறங்கும். எவ்வளவு அடிக்கலாம்னு டயரோட பக்கவாட்டிலேயே போட்டிருக்கும். பிரேக் கட்டை இறுகியிருந்தா மாத்திடுங்க. செயினுக்கு எண்ணெய் விடுங்க.

அடுத்து, சீட் உயரம். கீழே இருக்கும் பெடல்ல குதிகாலை வெச்சா கால் நேரா நீளணும். ஓட்டும்போது முன்பாதத்தால மிதிங்க. முழங்கால் லேசா மடங்கும். சீட் தாழ்வா இருந்தா முழங்காலோட முன்பக்கம் வலிக்கும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 15 நிமிஷம் போதும். ஓட்டிக்கிட்டே பேச முடிஞ்சா, அதுதான் சரியான வேகம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.