முதுகெலும்புச் சண்டை

போன வாரம் ஜெனரல் மோட்டார்ஸ் டிசைன் தலைவர் பில் மிட்செலைக் கோபத்தோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாக மனிதர் அப்படியே கொதித்துக்கொண்டிருக்கிறார். வாருங்கள், உள்ளே போவோம்.

டெட்ராய்ட்டை ஒட்டிய வாரன் ஊர். ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் ஸ்டுடியோ. நடுக்கூடத்தில் முழு அளவில் ஒரு களிமண் கார் நிற்கிறது. 1963-க்கு வரவேண்டிய புது கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார். பெயரும் வைத்தாகிவிட்டது: ஸ்டிங் ரே. நம் கடலோர பாஷையில் திருக்கை.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு மேலே, கூரையில் மெல்லிய மேடு ஒன்று கிளம்புகிறது. கூரையோடு ஓடி, பின்பக்கம் சரிந்து, பின் கண்ணாடியை நட்டநடுவில் இரண்டாகப் பிளந்துகொண்டு, வாலில் போய்க் கரைகிறது. மிட்செலின் செல்லக் கோடு அது. திருக்கையின் முதுகெலும்பு! (திருக்கைக்கு எலும்பே கிடையாது, வெறும் குருத்துதான் என்று எந்த மீன்காரரும் சொல்லிவிடுவார். மிட்செலிடம் யார் சொல்வது?)

அதை எடுத்தாக வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கிறார்.

வேறு யார்? கார்வெட்டின் எஞ்சினியர், நம் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ்தான். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே ஓட்டித் தன் பிரிவில் இரண்டு முறை ஜெயித்தவர். அப்படிப்பட்டவர் காரைச் சுற்றிவந்து ரசிப்பாரா? உள்ளே உட்கார்ந்துதான் பார்ப்பார்.

உட்கார்ந்தால் என்ன தெரியும்? தலைக்கு மேலிருக்கும் சின்னக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தால், பின்னால் வரும் சாலை தெரிய வேண்டிய இடத்தில் ஒரு தூண் தெரியும். இந்தப் பக்கம் ஒரு துண்டுச் சாலை, அந்தப் பக்கம் ஒரு துண்டுச் சாலை. நடுவில் துரத்தி வரும் போலீஸ் மோட்டார் சைக்கிள் ஆளோடு மறைந்துபோகும். பந்தயக்காரனுக்குப் பின்னால் வருபவன் யார் என்பது உயிர்ப் பிரச்சினை. எதற்கு இந்தக் குறுக்குக் கம்பம்?

அழகுக்கு.

அந்த ஒற்றைப் பதிலில்தான் கூடம் சூடானது.

இரண்டு பேருக்கும் மனசில் என்ன ஓடியிருக்கும்? மிட்செல் அப்போதுதான் ஹார்லி ஏர்லின் நாற்காலிக்கு வந்தவர். முப்பது வருஷம் அமெரிக்கக் கார்களின் முகத்தையே வரைந்த ஏர்ல்! முதல் கார்வெட்டும் அவர் பிள்ளைதான். இது என் பிள்ளை என்று காட்டிக்கொள்ள மிட்செலுக்கு ஒரு கார் வேண்டும். கம்பெனி பந்தயத்தை விட்டு விலகியிருந்த நாளில், சொந்தப் பணத்தைப் போட்டு ஸ்டிங்ரே என்ற பந்தயக் காரையே உருவாக்கினார் மனிதர். வாஷிங்டன் பல் டாக்டர் டிக் தாம்ப்ஸன் அதை ஓட்டி ஜெயித்துக் காட்டினார். அந்தக் காரின் ரத்தம்தான் இந்தக் களிமண்ணில் ஓடுகிறது. இதன் முதுகில் கை வைக்க விடுவாரா?

டன்டோவுக்கோ வேறு வலி. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை இந்தக் காருக்காகப் போராடி வாங்கியவர். ஐரோப்பியக் கார்களோடு தோளுக்குத் தோள் நிற்கப்போகும் வண்டி. அதன் மூக்கில் காற்றே புகாத போலி ஜன்னல்கள், முதுகில் பார்வையை மறைக்கும் மேடு. தங்க ஊசியில் நைந்த நூலைக் கோத்தது போல அவருக்கு எரிச்சல்.

வார்த்தை தடித்தது. அந்த முதுகெலும்பை எடுத்தால் மொத்தக் காரையும் மறந்துவிட வேண்டியதுதான் என்பது மிட்செலின் கட்சி. டன்டோவ் ஸ்டுடியோ பக்கமே தலைகாட்டக் கூடாது என்கிற அளவுக்குச் சண்டை போனதாகச் சொல்வார்கள்.

ஒருவர் துணைத் தலைவர். இன்னொருவர் எஞ்சினியர்.

யார் ஜெயித்திருப்பார்கள்?

1963 மாடல் பிளந்த கண்ணாடியோடுதான் வெளியே வந்தது. கூரை வைத்தவை மட்டும் 10,594. செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் போட்டும் கார் போதவில்லை. மிட்செல் மீசையை முறுக்கியிருப்பார், மீசை இருந்திருந்தால்.

ஆனால் கார் பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டத்தை வாயாரப் புகழ்ந்தார்கள். பின் கண்ணாடிக்கு வந்ததும் முகம் சுளித்தார்கள். டன்டோவ் சொன்ன அதே குறை!

1964 மாடல் வந்தது. முதுகெலும்பு இல்லை. ஒரே கண்ணாடி. போலி ஜன்னல்களும் போய்விட்டன.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். வேடிக்கை இனிமேல்தான். பழைய கார் வைத்திருந்த சிலர், நம் வண்டி மட்டும் ஏன் பழசாகத் தெரிய வேண்டும் என்று ரம்பத்தை எடுத்தார்கள். ஃபைபர்கிளாஸ் உடம்புதானே, அறுப்பதா கஷ்டம்? நடு மேட்டை அறுத்துத் தள்ளிவிட்டு, புது மாடலின் ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள்.

அறுத்தவர்கள் பிற்பாடு தலையில் கை வைத்தார்கள். ஒரே வருஷம் மட்டும் வந்த அந்தப் பிளந்த கண்ணாடிதான் இன்று கார்வெட் பிரியர்களின் கனவு. கெத்தான கார்வெட் எது என்று அவர்கள் கூடிப் பேசினால் பேச்சு அங்கே வந்து நிற்காமல் இருக்காது. 1967 மாடல்தான் சுத்தமான அழகு என்று ஒரு கோஷ்டி மல்லுக்கு நிற்கும். நிற்கட்டும். என்னைக் கேட்டால், ஓட்டத் தருவதானால் 1964 கொடுங்கள். வாசலில் நிறுத்தி வைத்து, காபி டம்ளரோடு பார்த்துக்கொண்டிருக்க 1963.

இந்த இரண்டு பேரும் ஜென்மப் பகையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஸ்டிங் ரேயை நீட்டி, பின் சீட் வைத்து, நாலு பேர் போகும் காராக்கிவிடலாம் என்று கார்வெட்டைத் தயாரிக்கும் செவ்ரலே பிரிவின் தலைவர் எட் கோல் கிளம்பியபோது, மிட்செலும் டன்டோவும் ஒரே பக்கம் நின்றார்கள். கோல் கேட்கவில்லை. மாதிரி வண்டியும் தயாராகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் பிரசிடென்ட் ஜாக் கார்டன் பார்வையிட வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம். இறங்கலாம் என்று முன் சீட்டைத் தள்ளினாராம்.

சீட் நகரவில்லை.

கம்பெனியின் பிரசிடென்ட் காருக்குள் மாட்டிக்கொண்டார். அவரை எப்படி வெளியே எடுத்தார்கள், அதோடு அந்த நாலு சீட் கார் என்ன ஆனது? அடுத்த வாரம் வந்துவிடுங்கள்.